உறிஞ்சிய பிறகு எங்கே போகிறது?

குழந்தைக்குக் கட்டும் ஒரு டயாப்பரின் நடுவே 10 முதல் 15 கிராம் வரை வெள்ளைத் துகள் இருக்கும். அதன் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். தூய நீரில் போட்டால் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு நீரை இழுத்துக்கொண்டு ஜெல்லாகத் திரண்டுவிடும். சிறுநீரில் உப்பு கலந்திருப்பதால் இந்தத் திறன் 30 முதல் 50 மடங்காகக் குறைகிறது. ஒரு குழந்தை இரவு முழுக்க ஈரம் உணராமல் உறங்க அதுவே போதும். விடிந்ததும் டயாப்பர் குப்பைக்குப் போகிறது. பென்சிலின் வகை மருந்துகளுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலைகளிலோ, இதே அக்ரிலிக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பாலிமர் சிறு மணிகளாகத் தொட்டிக்குள் கிடக்கிறது. அந்த மணிகளோடு ஒரு நொதி பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு தொகுதி சரக்கு முடிந்ததும் மணிகளை வடிகட்டி, கழுவி, அடுத்த தொகுதிக்குப் பயன்படுத்துகிறார்கள். நூற்றுக்கணக்கான சுற்றுகள் அவை இப்படி உழைக்கின்றன. ஒரே குடும்பத்து வேதிப்பொருள்தான். ஒன்று ஓர் இரவு உழைத்துவிட்டுப் பல பத்தாண்டுகள் குப்பைமேட்டில் கிடக்கிறது. மற்றொன்றைத் தேயும்வரை யாரும் தூக்கி எறிவதில்லை. இந்த வேறுபாடு வேதியியலிலிருந்து பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மருந்து ஆலைக்குத் தன் மணிகளை இழந்தால் தனக்கே நஷ்டம். டயாப்பர் செய்பவருக்கு, விற்ற பிறகு அந்தத் துகள் எங்கே போனாலும் ஒரு பைசா செலவு இல்லை. இந்தக் கணக்கைத் திருத்தாமல் ஆய்வகங்களை மட்டும் நம்பியிருப்பது வீண்.

இரண்டு பொருட்களுக்கும் அடிப்படையான உத்தி குறுக்குப் பிணைப்பு. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைத்தால் முப்பரிமாண வலை ஒன்று உருவாகும். பிணைப்பில்லாத சோடியம் பாலிஅக்ரிலேட் நீரில் கரைந்துபோகும். பிணைப்புகள் விழுந்தபின் அதனால் கரைய முடியாது, உப்பத்தான் முடியும். சங்கிலி நெடுகிலும் எதிர்மின் ஏற்றம் கொண்ட கார்பாக்சிலேட் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றை ஈடுசெய்யும் சோடியம் அயனிகள் வலையை விட்டு வெளியேற இயலாமல் உள்ளேயே தங்குகின்றன. உள்ளே அயனிச் செறிவு கூடுவதால் வெளியிலிருக்கும் நீர் சவ்வூடுபரவல் அழுத்தத்தால் உள்ளே வருகிறது. எவ்வளவு வரலாம் என்பதைப் பிணைப்புகளின் எண்ணிக்கை கட்டுப்படுத்துகிறது. இந்தச் சமநிலையை பால் ஃபுளோரியும் ஜான் ரேனரும் 1943இல் சமன்பாடாக எழுதினார்கள். பாலிமர் அறிவியலில் செய்த பணிகளுக்காக ஃபுளோரிக்கு 1974இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பிணைப்பு குறைந்தால் துகள் நிறைய உறிஞ்சும், ஆனால் கொழகொழத்துப்போகும். கூடினால் உறுதி கூடும், கொள்ளளவு குறையும். குழந்தை உட்காரும்போது ஈரம் பிழிந்து வெளியே வராமலிருக்க, துகளின் மேற்பரப்பில் மட்டும் கூடுதலாகப் பிணைப்புகளை ஏற்படுத்துகிறார்கள். வினையூக்கி மணியிலும் இதே அளவைத்தான் கூட்டிக் குறைத்து, வினைபடும் பொருள் எவ்வளவு எளிதாக உள்ளே நுழையலாம், மணி எத்தனை சுற்று உடையாமல் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறார்கள். ஒரு பொருளின் ஆயுளை வேதியியலாளர் தன் விருப்பப்படி நிர்ணயிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டயாப்பர் துகள் போன்ற மிகையுறிஞ்சிப் பாலிமரின் தொடக்கம் குப்பைக்கு வெகுதொலைவில் இருந்தது. அமெரிக்க வேளாண் துறையின் இல்லினாய் மாநில பியோரியா ஆய்வகத்தில், மக்காச்சோள ஸ்டார்ச்சின் மீது அக்ரிலோநைட்ரைலை ஒட்டவைத்து, பின்னர் காரத்தால் சிதைத்து, தன் எடையைப்போல் பல நூறு மடங்கு நீர் உறிஞ்சும் பொருள் ஒன்றைச் செய்தார்கள். காப்புரிமைகள் 1976இல் கிடைத்தன. மண்ணில் ஈரத்தை நிறுத்திவைப்பதும், விதைகளுக்கு மேலுறை இடுவதும், உபரியாக விளைந்த சோளத்துக்குப் புதுப் பயன் தேடுவதும் அந்த ஆய்வின் நோக்கங்களாக இருந்தன. ஜப்பானின் சான்யோ கெமிக்கல் நிறுவனம் 1978இல் ஸ்டார்ச் கலந்த வகையை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அது முதலில் நாப்கினுக்கும் பிறகு டயாப்பருக்கும் போனது. 1980களில் முழுக்க பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் அக்ரிலிக் அமிலத்தால் ஆன வகை, விலையிலும் ஜெல்லின் உறுதியிலும் முந்திக்கொண்டது. ஸ்டார்ச் பெரும்பாலும் விலக்கப்பட்டது. ஸ்டார்ச் கலந்த வகையும் முழுதாக மட்கக்கூடியதல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்: அதன் அக்ரிலிக் சங்கிலி அப்படியே மிஞ்சும். ஆனால் மட்கும் திசையில் அடுத்தடுத்த படிகளை எடுத்துவைத்திருக்கக் கூடிய ஆய்வு, சந்தையின் முடிவால் ஓரங்கட்டப்பட்டது என்பதையும் மறைக்க முடியாது. இன்று உலகில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் மிகையுறிஞ்சிப் பாலிமர் தயாராகிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஒரே ஒரு முறை நனைவதற்காகச் செய்யப்படுவது.

மறுபக்கத்தின் வரலாறு நேர்மாறானது. இங்கிலாந்தின் டெடிங்டன் ஆய்வகத்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் ஆகிய இருவர் 1935இல் செயற்கைப் பிசின்களால் நீரிலுள்ள அயனிகளைப் பரிமாற்ற முடியும் என்று காட்டினார்கள். 1940களில் ஸ்டைரீனையும் டைவினைல்பென்சீனையும் சேர்த்துப் பிணைத்து, அதன் மீது சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளை ஏற்றிய மணிகள் வந்தன. இன்று தண்ணீரை மென்மையாக்கும் கருவிகளிலிருந்து அனல்மின் நிலையக் கொதிகலன்கள் வரை பயன்படுவது இந்த வகைதான். இந்த அமில மணிகள் வினையூக்கியாகவும் வேலை செய்தன. கந்தக அமிலத்தைத் திரவமாகச் சேர்த்து எஸ்டர் செய்தால், வினை முடிந்ததும் அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்க வேண்டும். மிஞ்சும் உப்புநீர் கழிவாகும். அமிலத்தைப் பாலிமர் மணியில் நிலைநிறுத்தினால் வடிகட்டி எடுத்துவிடலாம். இத்தாலியில் 1973இல் பெட்ரோலில் சேர்க்கும் எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருளை இப்படிப்பட்ட மணிகளைக் கொண்டு ஆலை அளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சேர்மம் பின்னாளில் அமெரிக்காவில் நிலத்தடி நீரைக் கெடுத்து, கலிஃபோர்னியாவில் 2004 முதல் தடைசெய்யப்பட்டது. மறுபயன் வினையூக்கியால் செய்யப்பட்டது என்பதனாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெரிஃபீல்டு 1963இல் வெளியிட்ட முறை, பாலிஸ்டைரீன் மணியின் மீது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதத் துணுக்குகளை உருவாக்கியது. ஒவ்வொரு படியிலும் தூய்மைப்படுத்துவது வெறும் கழுவலாகச் சுருங்கியது. அவருக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. பாலிமரைப் பிடிமானமாகக் கொண்டால் வேதிவினையின் கழிவைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் அவர் முதன்மையானவர்.

பென்சிலின் ஆலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அமாக்சிசிலின் போன்ற மருந்துகளுக்கு அடிப்படையான 6-ஏ.பி.ஏ. என்ற மூலக்கூறை பென்சிலின் ஜி-யிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். பழைய வேதிமுறையில் இதற்கு பாஸ்பரஸ் பென்டாகுளோரைடும் டைகுளோரோமீத்தேன் கரைப்பானும், சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரும் தேவைப்பட்டன. பென்சிலின் அசைலேஸ் என்ற நொதியை அக்ரிலிக் மணிகளில் நிலைநிறுத்திய பிறகு அதே வேலை வெறும் நீரில், உடல் வெப்பத்தை ஒட்டிய வெப்பநிலையில் நடக்கிறது. நொதியைத் தனியாகக் கரைத்திருந்தால் ஒரே சுற்றில் இழந்திருப்பார்கள், செலவு கட்டுப்படியாகியிருக்காது. மணியில் கட்டியதால்தான் இந்தத் தூய்மையான வழி வேதிமுறையை விலையில் வென்றது. நெதர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992இல் ஒரு எளிய அளவுகோலை முன்வைத்தார்: ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு? பேரளவு ரசாயனங்களில் அது ஒன்றுக்குக் கீழிருந்து 5 வரை, நுண் ரசாயனங்களில் 5 முதல் 50 வரை, மருந்துத் துறையில் 25 முதல் 100க்கும் மேல். மருந்துத் துறையில்தான் எண் மிக மோசம். மீட்டெடுக்கும் வினையூக்கிகளில் முதலீடு நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆலை வாசலுக்குள் உருவாகும் கழிவுக்கு உரிமையாளர் பொறுப்பு என்பதால் இந்த எண்ணைக் கணக்கிட ஆள் இருக்கிறார்கள். வாசலைத் தாண்டி விற்கப்பட்ட பொருளே கழிவாகும்போது ஷெல்டனின் அளவுகோலில் அது பதிவாவதே இல்லை. டயாப்பர் ஆலை தன் கணக்கில் மிகத் தூய்மையான ஆலையாகவே தெரியும்.

ஆகவே, நாம் கேட்க வேண்டிய கேள்வியை மாற்ற வேண்டும். ஒரு பாலிமர் எத்தனை மடங்கு உறிஞ்சுகிறது, எவ்வளவு வேகமாக வினையூக்குகிறது என்பவற்றுக்கு முன்னால், வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்க வேண்டும். தொட்டிக்குள், குழாய்க்குள், வடிகட்டிக்குள் இருக்கும் பொருளைத் திரும்பப் பெறலாம். அது முடிந்தவரை நீடித்து உழைக்கட்டும். மண்ணில் கலப்பதையும், வீட்டுக் குப்பையோடு போவதையும், கழிப்பறையில் விழுவதையும் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது. அப்படிப்பட்டவை அந்த இடத்திலேயே, தெரிந்த கால அளவுக்குள், நுண்ணுயிர்களால் சிதையக்கூடியவையாக இருக்க வேண்டும். சோடியம் பாலிஅக்ரிலேட்டின் முதுகெலும்பு கார்பன்-கார்பன் பிணைப்புகளால் மட்டுமே ஆனது. மண்ணில் அதன் சிதைவு மிக மிக மெதுவாகவே நடக்கிறது. இன்றைய ஏற்பாட்டில் திரும்பாத இடத்துக்கு அழியாத பொருளை அனுப்புகிறோம்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஏட்டளவிலானதல்ல. கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் வழங்கும் திட்டத்தை இந்த மாநிலம் 2011-12இலேயே தொடங்கியது. பள்ளிகளில் எரிப்பான்களை நிறுவுவதிலும் முன்னோடியாக இருந்தது. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய எளிய இயந்திரம் நாடெங்கும் சுய உதவிக் குழுக்களைச் சென்றடைந்தது. இந்தச் சாதனைகளில் நான் குறை காணவில்லை. இந்தியா முழுவதும் ஆண்டுக்கு 1,200 கோடிக்கும் மேற்பட்ட நாப்கின்கள் பயன்படுத்தப்படுவதாக இத்துறையில் இயங்கும் அமைப்புகள் மதிப்பிடுகின்றன. இவற்றோடு குழந்தைகளுக்கும் படுக்கையிலிருக்கும் முதியோருக்குமான டயாப்பர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளர்கள் மறுசுழற்சிக்கு ஏற்ற பொருட்களைப் பயன்படுத்தும் வாய்ப்பை ஆராய வேண்டும், அல்லது அப்புறப்படுத்த உறை தர வேண்டும் என்றன. ஆராயச் சொல்வது எந்த நிறுவனத்தையும் கட்டுப்படுத்தாது. 2022இல் வந்த பிளாஸ்டிக் தொடர்பான உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்கள் பொதியுறைக்கானவை. நாப்கினைச் சுற்றியிருக்கும் பாலித்தீன் உறைக்கு ஒருவர் கணக்குக் காட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் பாலித்தீன் அடித்தாளுக்கும் பாலிப்புரோப்பிலீன் மேல்தாளுக்கும் ஜெல்லுக்கும் யாரும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு விதிகள், காகிதம், கண்ணாடி, உலோகப் பொதிகளோடு இத்தகைய சுகாதாரப் பொருட்களையும் உற்பத்தியாளர் பொறுப்புக்குள் கொண்டுவர முன்மொழிந்தன. அது எந்த வடிவில் நடைமுறைக்கு வந்தாலும், மொத்த எடையை மட்டும் அளந்தால் போதாது. ஜெல்லைத் தனியாக அளக்க வேண்டும். ஏனென்றால் இன்று அந்தச் செலவைச் சுமப்பவர், கையுறையின்றி அதைப் பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளர்.

எரித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஜெல் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். கொதிநிலையை எட்டிய ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உறிஞ்சிய நீரை எளிதில் விட்டுவிடாதபடி வடிவமைக்கப்பட்ட பொருளை எரிக்கும்போது, எரிபொருளின் பெரும்பங்கு அந்த நீரை விரட்டவே செலவாகிறது. அறையின் வெப்பநிலை சரிகிறது. மருத்துவக் கழிவு எரிகலன்களில் இரண்டாம் அறை ஏறத்தாழ 1,050 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அரைகுறை வெப்பத்தில் பிளாஸ்டிக் எரிந்தால் நச்சு வாயுக்கள் உருவாகும் என்பதால்தான் அப்படி ஒரு விதி. பள்ளிக் கழிப்பறையின் மூலையில் பொருத்தப்படும் சிறு எரிப்பான் அந்த வெப்பத்தை நெருங்குவது கடினம். அதன் புகைபோக்கி வகுப்பறை ஜன்னலுக்கு அருகில் இருக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கப்படும் மிக வலுவான கருத்து, இப்பொருட்கள் தந்த விடுதலை. மாதவிடாய் நாட்களில் பள்ளிக்குப் போக முடிந்தது, வேலைக்குப் போகும் தாய்க்கு உறக்கம் கிடைத்தது, படுத்த படுக்கையான பெரியவரைப் பராமரிக்கும் மருமகளின் சுமை குறைந்தது. இதை யாரும் திரும்பப் பிடுங்கக் கூடாது. தடை கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துணிக்குத் திரும்புவது தானாகவே சூழலுக்கு நல்லது என்பதும் சான்றுகளால் உறுதிப்படவில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆயுள் சுழற்சி ஆய்வு, ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளில் ஒருமுறை டயாப்பரால் சுமார் 550 கிலோ, துணி டயாப்பரால் சராசரியாக 570 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றம் என்று கண்டது. துணியின் கணக்கைக் கூட்டியது வெந்நீர் சலவையும் மின் உலர்த்தியும். கொடியில் உலர்த்தி, இயந்திரம் நிறையத் துவைத்தால் துணியின் கணக்கு பெருமளவு குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நம் ஊரில் இந்தக் கணக்கு துணியின் பக்கம் சாயும். ஆனால் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் குடும்பத்திடம் துவைக்கச் சொல்வது நியாயமில்லை. மறுபயன்பாடு எங்கே பொருந்தும் என்பதை இடம்தான் சொல்ல வேண்டும். கேரளத்தின் ஆலப்புழையில், 2018 வெள்ளத்தின்போது முகாம்களில் நாப்கின் கழிவு பெரும் சிக்கலான அனுபவத்துக்குப் பின், 2019இல் 5,000 பெண்களுக்கு மாதவிடாய்க் கிண்ணம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு லான்செட் இதழ்க் குழுமத்தில் வந்த ஆய்வுத் தொகுப்பு, கசிவில் கிண்ணம் நாப்கினுக்குச் சமம் அல்லது மேல் என்றும், பழகிக்கொண்டவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் தொடர விரும்பினார்கள் என்றும் கூறியது. பத்தாண்டு வரை உழைக்கக்கூடிய அந்த சிலிகோனும் ஒரு குறுக்குப் பிணைப்புப் பாலிமர்தான். விருப்பமுள்ளவருக்கு இந்த வழியும் திறந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தரப்படும் நாப்கின் மட்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

மட்கும் நாப்கின் ஏற்கெனவே வந்துவிட்டதே என்ற பதிலும் வரும். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் ஒரு ரூபாய்க்கு விற்கப்படும் நாப்கின் ஆக்சிஜனால் சிதையும் வகை என்று அறிவிக்கப்பட்டது. விலை பாராட்டத்தக்கது. ஆனால் இந்த வகைச் சேர்க்கைகள் பாலித்தீன் தாளை வெயிலிலும் காற்றிலும் விரைவாகத் துண்டாக்குபவை. துண்டுகள் நுண்ணுயிர்களால் முழுதாக உண்ணப்படுகின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் ஆணையில் இவ்வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடைசெய்தது. உள்ளே ஜெல் இருந்தால் அதற்கு இந்தச் சேர்க்கை எந்த வகையிலும் உதவாது. மேல்தாள் சிதைவதை வைத்து முழுப் பொருளுக்கும் மட்கும் என்ற முத்திரை குத்துவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

வேளாண்மையில் நிலைமை இன்னும் நுட்பமானது. பியோரியாவில் தொடங்கிய கனவு இந்தியாவிலும் தொடர்ந்தது. புதுடெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல், செல்லுலோஸ் முதுகெலும்பின் மீது அக்ரிலேட்டைச் சேர்த்துப் பிணைத்தது. ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ போதும் என்கிறது பரிந்துரை. மானாவாரி உழவருக்கு ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே வேரடியில் ஈரம் நிற்பது விளைச்சலைக் காப்பாற்றும். இங்கே உறிஞ்சி ஒருமுறைப் பொருளாக இல்லை. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிறது. ஆனால் நம் பகுதிக் கிணற்று நீரிலும் மண்ணிலும் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். இரட்டை மின்னேற்றம் கொண்ட இந்த அயனிகள் இரண்டு கார்பாக்சிலேட் தொகுதிகளை ஒருசேரப் பிடித்து, வேண்டாத புதுப் பிணைப்புகளை உண்டாக்குகின்றன. வடிநீரில் சில நூறு மடங்கு உறிஞ்சிய ஜெல் கடின நீரில் அதில் சிறு பங்கே உறிஞ்சும். ஆய்வகத்துத் தூய நீர் எண்ணைச் சொல்லி உழவரிடம் விற்பது சரியல்ல. அவருடைய கிணற்று நீரில் அளந்த எண்ணைச் சொல்ல வேண்டும். செயல்திறன் போன பின் மண்ணில் எஞ்சுவது என்ன என்பதும் பையின் மீது இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய உரப் பொருள் ஒழுங்குமுறை, நீர் நிறுத்தும் பாலிமர்களுக்கும் மட்கும் தன்மையை நிபந்தனையாக்கியது. இதை வணிகத் தடை என்று ஒதுக்குவதைவிட, வயலில் இருந்து எந்தத் துகளையும் யாரும் பொறுக்கி எடுக்கப் போவதில்லை என்ற எளிய உண்மையிலிருந்து யோசிப்பது நல்லது. அல்ஜினேட், கைட்டோசான், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலிஅஸ்பார்ட்டேட் ஆகியவற்றின் சங்கிலிகளில் நுண்ணுயிர்கள் வெட்டக்கூடிய பிணைப்புகள் உள்ளன. அவற்றை அழுத்தத்தில் பிழிபடாத அளவுக்கு உறுதியாக்குவதுதான் கடினம். வயலிலோ குழந்தை உட்காரும் அழுத்தம் இல்லை. ஆகவே, மட்கும் வகையை முதலில் கட்டாயமாக்க ஏற்ற இடம் வேளாண்மைதான்.

இனி, மறுபயன் வினையூக்கிகளையும் பிசின்களையும் அளவுக்கு மீறிப் புகழ்கிறேன் என்ற ஆட்சேபத்தை எடுத்துக்கொள்கிறேன். அவையும் என்றென்றும் உழைப்பதில்லை. உப்பியும் சுருங்கியும் மணிகள் விரிசல் விடும். அழுக்கு துளைகளை அடைக்கும். பாலிமரில் ஏற்றிய பலேடியம் போன்ற உலோகங்கள் வினையின்போது மெல்லக் கரைந்து வெளியேறும். மறுபயன் என்று வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகள் பலவும் ஐந்தாறு சுற்றுகளோடு நின்றுவிடுகின்றன. உண்மையில் வேலை செய்வது மணியா, கரைந்த உலோகமா என்பதைச் சூடாக இருக்கும்போதே வடிகட்டிச் சோதிக்காதவர்களும் உண்டு. புத்துயிர் ஊட்டுவதற்கும் விலை உண்டு என்பதைத் திருப்பூர் நன்றாக அறியும். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதன்பின் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு கட்டாயமானது. உயிரியல் சுத்திகரிப்பு, பிசின் வடிகட்டிகள், ஆர்.ஓ. சவ்வுகள், ஆவியாக்கிகள் என்று அடுக்கடுக்காக அமைத்தார்கள். பிசினைப் புதுப்பிக்க உப்புக் கரைசல் வேண்டும், அதுவும் கழிவாகும். ஆனால் சாயமேற்றவும் உப்பு வேண்டும் என்பதால், மீட்ட உப்புநீரையே திரும்பச் சாயத்தொட்டிக்கு அனுப்பும் முறையை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செயல்படுத்திக் காட்டினார்கள். கலப்பு உப்புக் குவியல் இன்னும் தீராத தலைவலியாகத்தான் இருக்கிறது. மின்செலவும் குறைந்தபாடில்லை. இருந்தும், கழிவின் செலவு தன் தலையில் விழுந்த பிறகே திருப்பூர் உப்பைத் திரும்பப் பயன்படுத்தும் வழியைத் தேடியது என்பதைக் கவனிக்க வேண்டும். தேவையான பிசின் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தது.

அப்படிப்பட்ட பொறுப்பு உறிஞ்சிகள் மீது விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானில் ஒரு காட்சி உள்ளது. ககோஷிமா மாவட்டத்தின் ஷிபுஷி நகரிலும் பக்கத்து ஊரான ஓசாகியிலும் எரிகலன் கிடையாது. குப்பைக் கிடங்கு நிரம்பாமல் காக்க வேண்டிய நெருக்கடியில் மக்கள் குப்பையை நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். அங்கே பயன்படுத்திய டயாப்பர்களைத் தனியாகச் சேகரித்து, யூனிசார்ம் நிறுவனம் ஓசோனால் கிருமி நீக்கி, அதன் மரக்கூழை மீண்டும் புதுப் பொருளுக்குப் பயன்படுத்தும் முறையை உருவாக்கியிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2021இல், டயாப்பர் ஜெல்லின் பிணைப்புகளை அமிலத்தாலோ காரத்தாலோ அறுத்து, கிடைத்த சங்கிலிகளை ஒட்டுநாடாக்களுக்கான பசையாக மாற்றிக் காட்டினார்கள். சங்கிலியை ஒற்றை மூலக்கூறுகளாக உடைத்து மறுபடி கட்டுவதைவிட இதற்கு ஆற்றல் குறைவாகவே தேவைப்படுகிறது. வேதியியல் தயாராக இருக்கிறது. தனியாகச் சேகரிக்கவும், அந்தச் செலவை ஏற்கவும் யாரும் முன்வராததுதான் தடை.

விலை உயர்ந்தால் ஏழைப் பெண்கள் நாப்கினைக் கைவிடுவார்கள் என்ற அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2018 ஜூலையில் நாப்கினுக்கான 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டபோது, இது அத்தியாவசியப் பொருள் என்று நாடு ஏற்றுக்கொண்டது. அதே ஏற்பை இன்னும் ஓரடி முன்னே கொண்டுபோகலாம். மட்காத ஜெல்லின் எடைக்கு ஏற்ப உற்பத்தியாளரிடம் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தை உள்ளாட்சிகளின் தனிச் சேகரிப்புக்கும், தூய்மைப் பணியாளர்களின் பாதுகாப்புக்கும், விலையில்லா நாப்கின்களை மட்கும் வகைக்கு மாற்றுவதற்கும் ஒதுக்கலாம். அரசுப் பள்ளி மாணவிக்கு இதனால் ஒரு ரூபாய்கூடக் கூடாது. கடையில் வாங்குபவருக்கு ஒரு டயாப்பரில் உள்ள 10, 15 கிராம் ஜெல்லின் மேல் விழும் கட்டணம் சிறிதாகவே இருக்கும். ஆனால் கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனத்துக்கு, மாற்று ஜெல்லைத் தேடும் அளவுக்கு அது பெரிய தொகையாகும்.

தமிழ்நாடு அரசு இதற்கு மத்திய விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விலையில்லா நாப்கின்களை வாங்கும் மிகப் பெரிய நுகர்வோர் அரசே என்பதால், ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனை வைக்கலாம். ஒவ்வொரு நாப்கினிலும் எத்தனை கிராம் ஜெல், எந்த வகை, மட்கும் என்றால் எந்த நிலையில் எத்தனை மாதத்தில் என்பதை விற்பவர் எழுதித் தர வேண்டும். அந்த உரிமைகோரலை நம் வெப்பத்தில், நம் மண்ணில் சோதிக்கக் கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இயற்கைப் பாலிமர்களில் நீண்ட அனுபவமுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் இருக்கிறது. சோதனை முடிவுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும். முதல் ஆண்டில் ஒரு மாவட்டத்துக்கான கொள்முதலை மட்டும் மட்கும் வகைக்கு ஒதுக்கி, கசிவு, தோல் எரிச்சல், மாணவிகளின் விருப்பம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அந்த அறிக்கையை வைத்து அடுத்த ஆண்டுக்கான அளவை முடிவு செய்யலாம்.